போன்காரியின் உதடு

அச்சகத்தில் அவருக்குச் சிவப்பு என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வெள்ளையடித்த சுவர் மாதிரி இருப்பார். அவருக்குக் கறுப்பு என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் ஆளை மாற்றிக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார்கள். பெயர் தோலைப் பார்த்து வந்ததல்ல, மையைப் பார்த்து வந்தது.

அந்த அச்சகம் ஒரு வாரப் பத்திரிகையை அச்சடித்தது. உள்பக்கங்களுக்கு ஒரே மை. அட்டைக்கு மட்டும் நான்கு நிறம். ஒரே தாள் நான்கு தடவை மிஷினுக்குள் போய் வர வேண்டும். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சளும் சிவப்பும் முதல் மிஷினில் ஓடின. அது இவருடையது. நீலமும் கறுப்பும் இரண்டாவது மிஷினில். அது மச்சானுடையது.

அட்டையில் வாராவாரம் ஒரு பெண் இருப்பாள். ஓவியர் வீட்டிலேயே வரைந்து அனுப்புவார். ஒருத்தி குடை பிடித்திருப்பாள், ஒருத்தி தொப்பியைச் சாய்த்து வைத்திருப்பாள், ஒருத்தி காரின் கதவில் சாய்ந்து நிற்பாள். பார்க்கிறவன் தன் சட்டையின் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படியான பெண்கள். அச்சகத்துக்காரர்கள் அவர்களுக்குக் குடைக்காரி, தொப்பிக்காரி, கார்க்காரி என்று பெயர் வைத்தார்கள். யாரிடம் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர்.

சிவப்பு ஓடி முடித்ததும் அந்தப் பெண்ணுக்குக் கன்னமும் உதடும் நகமும் வந்துவிடும். கண் இருக்காது, முடி இருக்காது. மூடுபனிக்குள் நிற்கிறவள் மாதிரி பாதியாக இருப்பாள். தாள் காய்ந்த பிறகு இவர் அவற்றை அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி இரண்டாவது மிஷினுக்கு அனுப்புவார். மகளைக் கட்டிக் கொடுத்து வண்டி ஏற்றுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அங்கே கறுப்பு இறங்கியதும் அவளுக்குக் கண் திறந்துவிடும். அதைப் பார்க்க அச்சுக்கோக்கிறவர்கள், பைண்டிங்காரர்கள், கணக்கர் என்று எல்லாரும் இரண்டாவது மிஷினைச் சுற்றிக் கூடுவார்கள்.

“கண்ணைப் பாருய்யா. பேசுது.”

“கறுப்பு கை பட்டா சும்மாவா.”

யாரும் உதட்டைப் பற்றிப் பேசியதில்லை. இவர் முதல் மிஷினின் உருளையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பார்.

மச்சான் கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்லவர். இவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர்தான். தங்கையைக் கொடுத்தது அவர். குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்தது அவர். பிரசவத்துக்கு வண்டி பிடித்தது, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரிசையில் நின்றது, எல்லாம் அவர். ஒரு மனிதனுக்குத் தன்னிடம் இருப்பதெல்லாம் இன்னொருவர் வழியாக வந்தால், அந்த இன்னொருவர் மேல் பொறாமைப்படுவதைத் தவிர வேறு என்ன வேலை மிச்சம் இருக்கிறது?

பழைய ஃபோர்மேன் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தபோது இரண்டு பேரில் ஒருவர்தான் அடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இவருக்கு அட்டை வேலையில் மூப்பு இருந்தது. அவருக்குக் கண்ணைப் பற்றிய பேர் இருந்தது. முதலாளி வாய் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் போன்காரி வந்தாள்.

போன்காரி மஞ்சள் சுவரில் சாய்ந்துகொண்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே டெலிபோனை இடுக்கிக்கொண்டு, விரலில் அதன் சுருள் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓவியர் வரைந்ததில் அவள் உதடு லேசாகப் பிரிந்திருந்தது, அவ்வளவுதான். அச்சாகி, தைத்து, வெட்டி, கடைக்குப் போன பிறகுதான் முதலாளி கையில் ஒரு பிரதியோடு மிஷின் அறைக்கு வந்தார். உதட்டின் சிவப்பு அதன் கறுப்புக் கோட்டை விட்டு ஒரு மயிரிழை வலது பக்கம் வெளியே வந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சடிக்கும் தாள் பத்திரிகையைவிடப் பெரியது. படத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்னக் கூட்டல் குறி விழும். நான்கு குறிகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் வேலை சுத்தம். ஒன்று மட்டும் விலகித் தெரிந்தால் அந்த நிறத்தை ஓட்டியவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பத்திரிகையை வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். கடைக்குப் போகிற அட்டையில் படம் இருக்கும், சாட்சி இருக்காது.

“உதடு வெளியே நிக்குதே,” என்றார் முதலாளி. “உதடு யாருது?”

“சிவப்புங்க,” என்று யாரோ சொன்னார்கள்.

“எங்க சிவப்பு?”

இவர் முன்னால் வந்தார். “ஐயா, கறுப்பு நகந்திருந்தாலும் இப்படித்தாங்க தெரியும். கோடு அங்கிட்டுப் போச்சுன்னா உதடு இங்கிட்டு வந்த மாதிரி இருக்கும். வெட்டாத தாள் ஒண்ணைப் பாத்தாத் தெரிஞ்சுடும்.”

வெட்டாத தாள் ஒன்றுகூட இல்லை. கழிவுத் தாள்களை முந்தின நாளே எடைக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

“கறுப்பு நகந்தா உதடு எப்படிய்யா நகரும்? என் மீசை நகந்தா உன் வாய் கோணிக்குமா?” என்றார் முதலாளி. மிஷின் அறையே சிரித்தது.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அடுத்த மாதம் ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் இனிப்பை இவர் கையில்தான் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை.

“என் அண்ணன் என்ன பண்ணுவாரு? முதலாளி கொடுத்தாரு, உக்காந்தாரு,” என்றாள் மனைவி.

“வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலாம்ல?”

“என்னன்னு?”

“கறுப்பும் நகந்திருக்கலாம்னு.”

“நகந்துச்சா?”

“அதைத்தான் பாக்கணும்னு சொல்றேன்.”

அந்தப் பார்வைக்காகத்தான் இவர் படம் சேர்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகங்களை நடைபாதையில் பரப்பி விற்கிற தெருவுக்குப் போவார். போன்காரியின் வெட்டாத தாள் ஒன்று எங்காவது கிடைக்காதா என்பதுதான் தேடல். அது கிடைக்கவில்லை. போனதற்கு ஏதாவது வாங்கி வர வேண்டுமே என்று குடைக்காரியை வாங்கினார். அடுத்த வாரம் தொப்பிக்காரியை. தைத்திருந்த கம்பியை நகத்தால் நெம்பி அட்டையைக் கழற்றி, இரண்டு பலகைகளுக்கு நடுவே மடிப்பு விழாமல் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக எடுத்துப் பார்ப்பார். பார்க்கும்போது கட்டைவிரலால் கண்ணை மறைத்துக்கொள்வார். கன்னத்தையும் உதட்டையும் மட்டும் பார்ப்பார். தன்னுடைய பாதியை.

பிறகு மற்ற அச்சகங்களின் பெண்களும் வந்தார்கள். மாத இதழ்க்காரிகள், நாட்காட்டிக்காரிகள், கடல் தாண்டி வந்த பத்திரிகைகளில் சிகரெட்டும் கையுறையுமாக நின்றவர்கள். முகம் தெரியாத ஏதோ ஒரு மிஷின்காரர் ஓட்டிய சிவப்பு தன்னுடையதைவிட நன்றாக இருந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. “இவன் மை நல்ல மை. மை நல்லா இருந்தா நானும்தான் பண்ணுவேன்,” என்று சொல்லிவிட்டுப் பலகையை மூடுவார். ஆனால் அந்தப் படத்தை விற்கவும் மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். வயிற்றெரிச்சலைக் கூட அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

தெருவில் வேறு மாதிரி பேச்சு இருந்தது. மனைவியின் காதில் விழுந்தது. அவளுக்குக் கோபத்தைவிடக் கேலி நன்றாக வரும்.

“வீட்டுல நான் ஒருத்தி. கட்டிலுக்கு அடியில ஒரு ஊரே படுத்திருக்கு,” என்பாள், பெருக்கும்போது பலகையைத் துடைப்பத்தால் தட்டி. “எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் படுங்கம்மா.”

அவளுக்கு ஒருத்தியை மட்டும் பிடிக்காது. மற்ற பெண்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று. போன்காரி மட்டும் எங்கே கண்ணில் பட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு பிரதியிலும் உதடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். வெட்டின அட்டையில் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவருக்கே தெரியும். படத்தில் நிறத்தோடு நிறம் கலந்து கிடக்கிறது, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். இருந்தாலும் பார்ப்பார்.

“மத்தவளுங்க தனித்தனியா வந்தாளுங்க,” என்பாள் மனைவி. “இவ குடும்பத்தோட குடி வந்துட்டா.”

வருடங்கள் போயின. இருவரும் ஓய்வு பெற்றார்கள். மகள் வேறு ஊரில் குடித்தனம் வைத்தாள். மச்சான் இரண்டு தெரு தள்ளி இருந்தார், வாரத்தில் பாதி நாள் வந்துவிடுவார். ஒரு நாள் சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்தார்.

“மாப்ளே, உனக்குன்னு தேடி வாங்குனேன்.”

பிரித்தால் போன்காரி. மூலை மடியாத, சுத்தமான பிரதி. இவரிடம் இருந்த எதையும்விட நல்ல பிரதி. மச்சான் கள்ளமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் வாங்கிக்கொண்டு, “சரி, பாக்கறேன்,” என்றார். அதைப் பலகைக்கு நடுவில் வைக்கவில்லை. அலமாரியின் மேல் தூசியில் போட்டார். பிறகு மனசு கேட்காமல் மறுநாள் தூசியைத் தட்டி எடுத்து வைத்தார்.

வெட்டாத தாள் கடைசியில் ஒரு தேசப்படப் புத்தகத்தின் மேல் வந்து சேர்ந்தது. அச்சகக் கழிவுத் தாளை எடுத்துப் போய், அச்சு உள்பக்கமும் வெள்ளை வெளிப்பக்கமுமாகப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு உறை போடுவது அந்தக் காலத்தில் எல்லா மிஷின்காரர் வீட்டிலும் உண்டு. நடைபாதைக் கடைக்காரர் உறையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மடிந்து கிடந்தது ஒரு சுருள் கம்பி, ஒரு விரல்.

“அண்ணே, நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்கல்ல, வெட்டாதது. இதானா பாருங்க.”

“உறை மட்டும் போதும்.”

“உறை மட்டும் எப்படிண்ணே. உலகத்தையும் சேத்து எடுத்துக்கோங்க.”

அவர் உலகத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஈரம் காயும் வரை காத்திருந்து, உறையைக் கழற்றி, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி விரித்தார். படத்துக்கு வெளியே, வலது ஓரத்தில், கூட்டல் குறி இருந்தது. பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்தார்.

மஞ்சள் தன் இடத்தில் இருந்தது. சிவப்பு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. நீலமும் அதன் மேல்தான். கறுப்பு மட்டும் ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளி, தனியாக நின்றது. மற்ற மூன்று ஓரங்களிலும் பார்த்தார். எல்லா ஓரத்திலும் அதே கதை.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து சலவைச் சட்டையை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி.

“உங்க அண்ணன் வீட்டுக்கு. கறுப்புதான் நகந்திருக்கு. கண்ணால பாத்துட்டேன்.”

அவள் தாளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். “இப்பவே போகணுமா? அவருக்கு பிரஷர் இருக்கு.”

“எனக்கும்தான் இருந்துச்சு. யாராவது கேட்டீங்களா?”

தாளைச் சுருட்டி ஒரு காகிதக் குழாய்க்குள் நுழைத்துக்கொண்டு நடந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று பல வருடமாக யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம், குழாயைத் திறந்து மேஜையில் விரித்துவிட்டு ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று இப்போது தோன்றியது.

மச்சான் வீட்டுக் கூடத்தில் யாரோ ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கேமரா, மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் போன்காரி.

“வா மாப்ளே, வா வா. சரியான நேரத்துக்கு வந்த,” என்றார் மச்சான். “இந்தப் பொண்ணு நம்ம அட்டைங்களையெல்லாம் சேக்குதாம். நூலகத்துல மாட்டி வைக்கப் போகுதாம்.”

அவள் எழுந்து வணக்கம் சொன்னாள். இவரைப் போலவே அவளும் நடைபாதைக் கடைகளில் அலைகிறவள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஓவியரின் வீட்டுக்குப் போய் அசல் படங்களையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“சார், இந்த வகைப் படம் சேக்கறவங்க எல்லாரும் தேடறது இந்த ஒரு அட்டையைத்தான்,” என்றாள். “மத்தவங்க எல்லாம் அழகா இருக்காங்க, அவ்வளவுதான். இவங்க மட்டும் சிரிப்பை அடக்கறாங்க. அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்லிட்டாங்க, இவங்களுக்கு இப்ப சிரிப்பு வந்துரும். அந்த உதட்டுக் கோடு விலகினதுல வந்தது அது. அசல்ல அது இல்லை. அச்சுலதான் வந்திருக்கு. யார் கையில வந்துச்சுன்னு தெரிஞ்சா அவங்க பேரைப் படத்துக்குக் கீழ போடணும்னு ஆசை.”

“அதான் சொல்லிட்டிருந்தேன்,” என்றார் மச்சான். “நான்தாம்மா. கறுப்பைக் கொஞ்சம் தள்ளி ஓட்டுனேன்.”

இவர் குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசல்படியிலேயே நின்றார்.

பல வருடமாக அந்த மனிதரின் வாயிலிருந்து எந்த ஒரு வாக்கியம் வர வேண்டும் என்று காத்திருந்தாரோ, அது வந்துவிட்டது. வேறு யாரோ ஒரு பெண்ணிடம், காலை ஆட்டிக்கொண்டு, பெருமையாக.

“உதடு யாருது?” என்றார் இவர்.

“என்ன மாப்ளே?”

“உதடு சிவப்பு. சிவப்பு நான். நகந்தது சிவப்பு.”

மச்சான் சிரித்தார். “கறுப்பு நகந்தாலும் அப்படித்தான் தெரியும்னு நீதானய்யா முதலாளிகிட்டயே சொன்ன.”

“அது அப்ப சொன்னது.”

“அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணா?”

“நீங்க அப்ப ஒண்ணுமே சொல்லலையே.”

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வெட்டாத தாள் ஒண்ணு கிடைச்சாத் தெரிஞ்சுடும்ல சார்?” என்றாள். அவள் பார்வை குழாயின் மேல் விழுந்தது. “அது என்ன?”

“காலண்டர்,” என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டினார். தாளை மறுபடி மேஜையில் விரித்தார். இரும்பு அளவுகோலையும் கத்தியையும் எடுத்தார். கறுப்புக் குறி தனியாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சந்தோஷப்பட்டவர் அவர்தான். இப்போது அதே குறி, அந்தச் சிரிப்பு மச்சானுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணும் அவருடையது, உதட்டின் அழகும் அவருடையது. இவருக்கு மிச்சம் கொஞ்சம் மை.

அளவுகோலைப் படத்தின் விளிம்பில் வைத்து இழுத்தார். கத்தி கூர்மையாக இருந்தது. நான்கு ஓரமும் நான்கு நாடாவாகத் தரையில் விழுந்தன. மேஜையில் இருந்தது மற்ற எல்லாப் பிரதிகளையும் போல இன்னொரு போன்காரி.

மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். “இதைத்தானே இத்தனை வருஷமா தேடுனீங்க?”

“ஆமா.”

“அப்ப ஏன் வெட்டுனீங்க?”

“இப்ப யாருதுன்னு யாராலும் சொல்ல முடியாது.”

“அண்ணனால முடியும்ல?”

“அவரு சொன்னா நானும் சொல்லுவேன்.”

அவள் குனிந்து ஒரு நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இதுல எது நீங்க, எது எங்க அண்ணன்?”

அவர் காட்டவில்லை. அவள் நாடாக்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

நூலகத்தின் நீளமான அறையில் படங்களை மாட்டி வைத்திருந்த நாளன்று காலையிலேயே இவரும் மச்சானும் போனார்கள். குடைக்காரி, தொப்பிக்காரி, கார்க்காரி எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓவியரின் பெயர் எழுதிய சின்ன அட்டை. போன்காரி தனியாக ஒரு சுவரில் இருந்தாள். அவளுக்குக் கீழே மட்டும் அட்டையில் பாதி வெறுமையாக இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னா எழுதிடுவேன் சார்,” என்றாள் அந்தப் பெண், கையில் பேனாவோடு. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

இவர் தொண்டையைச் செருமினார். கறுப்பு தள்ளி ஓடினால் எப்படித் தெரியும், சிவப்பு தள்ளி ஓடினால் எப்படித் தெரியும், ஏன் இது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பெரிய பொய்யை அச்சுச் சுத்தமாகத் தயார் செய்து வைத்திருந்தார். அதற்குள் மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“சிவப்புன்னு எழுதும்மா,” என்றார். “இது என் மாப்பிள்ளையோட கை. அன்னைக்கு ஏதோ ஒரு பெருமைக்கு நான்னு சொல்லிட்டேன். வயசாச்சுல்ல.”

அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். இவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. அவள் எழுதினாள். யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். கை இவருக்காகத் தட்டப்பட்டது. கண்கள் எல்லாம் மச்சான் மேல் இருந்தன.

“விட்டுக் கொடுத்துட்டாரு பாருங்க.”

“மச்சான்னா அப்படித்தான் இருக்கணும். என்ன மனசு.”

வெளியே படிக்கட்டில் மச்சான் இவர் தோளில் கை போட்டார். “மாப்ளே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. கறுப்புதான் நகந்துச்சு. அன்னைக்கே தெரியும். கடைசிக் கட்டு ஓடும்போதே ஓரத்தைப் பாத்துட்டேன். நிறுத்தினா பத்திரிகை ஏத்தற வண்டி போயிடும்னு விட்டுட்டேன். முதலாளி கேட்டப்ப வாயைத் தொறந்திருக்கணும். எனக்கும் கட்டிக் கொடுக்கப் பொண்ணுங்க இருந்தாங்க, சம்பளம் கூட வரும்னு ஒரு ஆசை. தொறக்கல. இன்னைக்கு அதைத் தீத்துட்டேன். இனிமே நமக்குள்ள ஒண்ணும் இல்ல, என்ன?”

இவர் ஒரு படி கீழே இறங்கினார். எனக்கும் தெரியும், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், தாள் எங்கே என்று மச்சான் கேட்பார். இவர் திருடிக்கொள்ள வந்த பொருளை அவர் பரிசாகக் கையில் திணித்துவிட்டார். தீர்த்துவிட்டாராம். வேலை, வீடு, பெண்டாட்டி, இப்போது உதடும்.

“ஏன் மாப்ளே, சந்தோஷம்தானே?”

“ம்,” என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குள் போனார். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால், பழைய தாள் கட்டுக்குள், மேஜைக்கு அடியில் தேடினார். மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

“என்ன தேடறீங்க?”

“அந்த ஓரம். நான் வெட்டிப் போட்டது.”

“அது அன்னைக்கே குப்பை வண்டியில போயிருச்சே. இப்ப எதுக்கு?”

“உங்க அண்ணன்கிட்டத் திருப்பிக் கொடுக்கணும்.”

“எதை?”

“அவரோடதை,” என்றார். “அவரோடது எனக்கு வேணாம்.”

அவள் கூடையை நிமிர்த்தி வைத்தாள், சிந்தியதைக் கூட்டினாள், டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

“அண்ணன் சாயங்காலம் வராராம்,” என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே. “நீங்க சந்தோஷமா இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போகணுமாம்.”